ஸ்காபரோ வாசலில் மஞ்சள் தண்ணீர்

பனி கொட்டிய வாசலில் தண்ணீர் ஊற்றக் கூடாது என்று எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. கொழும்பு வெள்ளவத்தையில் இருக்கிற ஒருத்திக்கு அது தெரிந்திருக்க வேண்டிய அவசியமும் இல்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு எல்லோரும் ரதி என்கிற என் தலையில் பழியைப் போடுவீர்கள்.

என் மகன் கிருஷ்ணராஜ் கனடாவுக்குப் போய்ப் பத்து வருடம். அவன் ஸ்காபரோவில் இருக்கிறான், நான் இங்கே மூன்றாம் மாடி பிளட்டில் இருந்தபடி அவனுடைய குளிரைப் பார்த்துக்கொள்கிறேன். காலையில் எழும்பினதும் என் யன்னலைத் திறக்க முதல் போனில் ஸ்காபரோ வானிலையைத்தான் பார்ப்பேன். ஒரு நாள் அப்படிப் பார்த்து, "இண்டைக்கு இருபது சென்டிமீட்டர் கொட்டப் போகுதாம்" என்று கவலைப்பட்டுக்கொண்டிருந்தபோது, என் மனுசன், "இஞ்ச மொட்டை மாடியில துணியெல்லாம் நனைஞ்சு முடிஞ்சுது" என்றார். மனுசனின் பெயர் தங்கையா. நாளுக்கு நாலு வசனம் பேசுவார், நாலும் இந்த மாதிரித்தான் இருக்கும்.

பிள்ளைக்கு வயது முப்பத்தாறு. கூட வேலை செய்யும் தர்ஷிகாவைக் கட்ட வேண்டும் என்று மூன்று வருடமாக ஒற்றைக் காலில் நிற்கிறான். அவளும் அப்படியே. எனக்குப் பூரண சம்மதம். கல்யாணம் நின்று கொண்டிருந்தது அவளுடைய அப்பா யோகநாதனின் சொல்லில்தான். தாய் இல்லாத பிள்ளையைத் தனியாக வளர்த்த மனுசன். லேசில் யாருக்கும் கொடுத்துவிட மாட்டார். முன்பு ஒரு பெடியனின் வீட்டுக்குப் போய்க் குளிர்சாதனப் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, உள்ளே சோஸ் போத்தல்கள் மட்டும் இருந்தன என்று அந்தச் சம்பந்தத்தையே வேண்டாம் என்றவராம்.

அப்படிப்பட்டவர் கிருஷ்ணராஜிடம் சொல்லியிருந்தார்: "தைப்பொங்கலண்டைக்குக் காலமை எட்டு மணிக்கு வாறன். நீர் வீடு வாசல் எப்பிடி வைச்சிருக்கிறீர் எண்டு பாத்திட்டு என்ர முடிவைச் சொல்லுறன்."

வீடு வாசல். அந்த இரண்டாவது சொல் என் மண்டைக்குள் ஏறி உட்கார்ந்துகொண்டது.

பொங்கலன்று காலையில் இங்கே பல்கனியில் பொங்கி, சூரியனுக்குப் படைத்து, பக்கத்துப் பிளட் ஸீனத் வீட்டுக்கும் ஒரு சட்டி கொடுத்துவிட்டுப் பின்னேரத்துக்காகக் காத்திருந்தேன். நமக்குப் பின்னேரம் ஐந்தரை என்றால் அங்கே விடியற்காலை ஏழு மணி. இங்கே கடலுக்குள் இறங்குகிற சூரியனை அவன் அங்கே பிடித்துப் பொங்க வேண்டும்.

வீடியோவில் வந்தான். முகத்தில் கண் மட்டும்தான் தெரிந்தது. இரவு முழுக்கப் பனி கொட்டியிருக்கிறது. ஐந்து மணிக்கே எழும்பிச் சவளால் அள்ளி அள்ளி, நாலு படியையும் கார் விடும் இடத்தையும் துப்புரவாக்கி வைத்திருந்தான். இரண்டு பக்கமும் இடுப்பளவுக்குப் பனிக் குவியல். பின்கதவு திறக்கவே முடியாமல் மூடிக் கிடந்தது. போனுக்கு ஒரு கம்பளித் தொப்பியைப் போட்டுப் படியின் கைபிடியில் நிறுத்தினான். குளிரில் பற்றரி செத்துவிடுமாம். மங்கள வாத்தியம் கேட்கட்டும் என்று பெரிய ஸ்பீக்கர் ஒன்றையும் வாசலில் வைத்துப் போனோடு இணைத்திருந்தான். அதனால் நான் பேசுவதெல்லாம் அந்தத் தெருவுக்கே கேட்டது. எனக்கு அது பிடித்திருந்தது.

"எப்பிடி அம்மா வாசல்?" என்றான்.

நல்லாய்த்தான் இருந்தது. ஆனால் கூட்டின வாசலைத் தண்ணீர் தெளிக்காமல் விடுகிறதா? அதுவும் பொங்கலன்று?

"மஞ்சள் தண்ணி தெளி. பிறகு கோலம் போடு" என்றேன்.

"அம்மா, மைனஸ் பதினெட்டு. உறைஞ்சு போகும்."

"அப்ப சுடுதண்ணி ஊத்து."

"அம்மா…"

"நல்ல நாளும் அதுவுமாச் சாட்டுச் சொல்லாதை. வாற மனுசன் வாசலைத்தான் முதல்ல பாக்கும். காஞ்ச வாசலோடயே வரவேற்கப் போறாய்?"

பத்து வருடம் அந்த நாட்டில் இருந்தவனுக்கு என்னைவிடத் தெரியும். ஆனாலும் என்னோடு வாதாடி வென்ற ஆள் இந்த வீட்டில் கிடையாது. ஒரு வாளி சுடுதண்ணீரில் மஞ்சளைக் கரைத்து மேல் படியிலிருந்து தாராளமாக ஊற்றினான். ஐயோ, அந்தக் காட்சியைப் பார்த்திருக்க வேண்டும்! வாசல் முழுக்கப் புகை எழும்பிச் சாம்பிராணி போட்ட மாதிரி இருந்தது. நான் என் மனுசனைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

"உது இறுகப் போகுது" என்றார் இவர். அன்றைய கணக்கில் அது இரண்டாவது வசனம்.

புகை அடங்கியது. அரிசிமாக் கிண்ணத்தோடு கோலம் போட இறங்கினான் பிள்ளை. முதல் படியில் வைத்த கால் நாலாம் படியில்தான் நின்றது, அதுவும் அவன் முதுகில் கிடந்தபடி. மா முழுக்க முகத்தில்.

"ராசா! அடிபட்டதா?"

"இல்லை அம்மா. கோட் நல்ல தடிப்பு." எழும்பப் பார்த்தான், திரும்பவும் விழுந்தான். வாசல் முழுவதும் மஞ்சள் கண்ணாடி வார்த்த மாதிரி இறுகிக் கிடந்தது. தவழ்ந்து தவழ்ந்து மேலே வந்து சேர்ந்தான். அப்போது அங்கே ஏழு முப்பத்தைந்து. யோகநாதன் வர இருபத்தைந்து நிமிடம்.

நான் பதறுகிற ஆள் இல்லை. உடனே ஒழுங்குபடுத்தத் தொடங்கினேன்.

"உப்புப் போடு."

"ரோட்டு உப்பு முடிஞ்சுது. ரெண்டு நாளாக் கடையிலயும் இல்லை."

"குசினி உப்பு?"

இரண்டு பைக்கற் கொட்டினான். உப்பு ஐஸுக்கு மேல் சும்மா கிடந்தது. இந்தக் குளிருக்கு உப்பும் வேலை செய்யாதாம். அப்படியானால் உப்பு எதற்கு?

"மண் அள்ளிப் போடு."

"மண்ணெல்லாம் மூண்டடிப் பனிக்குக் கீழ கிடக்குது அம்மா."

ஒரு நாட்டில் மண்கூட இல்லாமல் போகுமா! கோடரி இருக்கிறதா என்று கேட்டேன், இல்லையாம். சவளால் கொத்தினான், சவள் வளைந்தது. இன்னொரு வாளி சுடுதண்ணீர் ஊற்றிக் கரைத்தால் என்ன என்று வாய் வரைக்கும் வந்தது. இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த நேரம் பார்த்து ஸீனத் வந்தாள். மஃரிப் தொழுதுவிட்டு, காலையில் கொடுத்த சட்டியில் வட்டிலப்பம் போட்டுக் கொண்டு வந்திருந்தாள். பதினாறு வருடத்தில் ஒரு தரமாவது வெறும் சட்டியைத் திருப்பித் தந்தவள் இல்லை. என் முகத்தையும் போனையும் பார்த்ததும் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டாள்.

"ரதியக்கா, எங்கட மகள் ஷஹீமா ஸ்வீடன்ல இப்பிடித்தான் ஐஸ்ல நடக்கிற. சப்பாத்துக்கு மேலால மேஸ் போட்டுக்கொண்டா வழுக்காதாம். கம்பளி மேஸ்."

"சப்பாத்துக்கு மேல மேஸா? கால்ல போடுற சொக்ஸையா?"

"ஓம். அவ போட்டோகூட அனுப்பி ஈக்கா."

"சும்மா இரு ஸீனத். பொம்பிளையின்ர தகப்பன் வாற நேரத்தில பிள்ளை சப்பாத்துக்கு வெளியில சொக்ஸ் போட்டுக்கொண்டு நிண்டா, விசரன் எண்டெல்லே நினைப்பார்."

ஸீனத் கோபிக்கவில்லை. வட்டிலப்பத்தை மேசையில் வைத்துவிட்டு என் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். இந்தக் கூத்தைப் பார்க்காமல் அவளும் போகப் போவதில்லை.

எட்டு மணிக்கு ஒரு நிமிடம் இருக்கும்போது கார் வந்தது. தெருவிலும் இன்னும் பனி வழிக்கவில்லை. கார் நிற்க வேண்டிய இடத்தைத் தாண்டி மெல்ல மெல்லச் சறுக்கிப்போய் ஒரு பனிக் குவியலில் மூக்கைக் குத்தி நின்றது. தர்ஷிகா இறங்கினாள். பின்னால் யோகநாதன். கறுப்புக் கோட்டு, கையில் பலகாரப் பெட்டி, காலில் பளபளவென்று பொலிஷ் போட்ட தோல் சப்பாத்து.

"அங்கிள், வராதேங்கோ! நில்லுங்கோ!" என்று மேலே கதவடியில் நின்று கத்தினான் என் மகன்.

விருந்துக்கு வந்தவரைப் பார்த்து வராதே என்றால் யார் நிற்பார்கள்? அவர் முகம் கடுத்தது. நேராக இரண்டு அடி வைத்தார். மூன்றாவதில் சறுக்கிக் குந்திவிட்டார். பலகாரப் பெட்டி தன்பாட்டில் சறுக்கி ரோட்டுக்குப் போனது. நல்ல வேளை, மெதுவாகத்தான் குந்தினார், அடி ஒன்றும் இல்லை. ஆனால் எழும்ப முடியவில்லை. மகள் பிடித்தாள், அவளும் சறுக்கிப் பக்கத்தில் குந்தினாள்.

மூன்று வருடம் பிள்ளை காத்திருந்த சம்மதம் அந்த மஞ்சள் ஐஸில் உட்கார்ந்திருந்தது.

யோகநாதன் கையுறையைக் கழற்றி ஐஸைத் தடவினார். விரலை மோந்து பார்த்தார்.

"இதென்ன, மஞ்சளா?" குரல் எழும்பியது. "இந்தக் குளிருக்குள்ள எந்த மடையன் தண்ணி ஊத்தினது?"

"நான்தான் அங்கிள்" என்றான் கிருஷ்ணராஜ். "யோசியாமச் செய்துபோட்டன். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவ்வளவுதான் சொன்னான். என் பெயர் அவன் வாயில் வரவில்லை. போன் பக்கம் கண்ணைக்கூடத் திருப்பவில்லை. வாளியைத் தூக்கும்போது வேண்டாம் அம்மா என்று கெஞ்சின பிள்ளை, இப்போது தன் கல்யாணமே போகப் போகிற நேரத்திலும் என்னைக் காட்டிக் கொடுக்காமல் மடையன் பட்டத்தை வாங்கிக்கொண்டு நிற்கிறான்.

நான் பிழை ஒப்புக்கொள்கிற ஆள் இல்லை. வேண்டுமானால் இவரைக் கேட்டுப் பாருங்கள். ஆனால் அதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க என்னால் முடியவில்லை.

"நான்தான் ஊத்தச் சொன்னனான்!" என்று கத்தினேன். ஸ்பீக்கர் அதைத் தெரு முழுக்கக் கொண்டு போனது. எதிர் வீட்டில் பனி அள்ளிக்கொண்டிருந்த வெள்ளைக்காரர் சவளைக் கீழே வைத்தார். "பிள்ளை வேண்டாம் எண்டவன்! நான் வெள்ளவத்தையில இருந்துகொண்டு வெருட்டி ஊத்த வைச்சனான்! அவன் மடையன் இல்லை, மடைச்சி நான்தான்!"

யோகநாதன் தொப்பி போட்ட போனையே பார்த்தார். பிறகு அவருடைய தோள் ஆடத் தொடங்கியது. அழுகிறாரோ என்று பயந்தேன். சிரித்தார் மனுசன். ஐஸில் உட்கார்ந்தபடி, கண்ணைத் துடைத்துத் துடைத்துச் சிரித்தார்.

"அம்மா, நான் இந்த நாட்டுக்கு வந்த முதல் பொங்கலுக்கு மொன்றியலில இதையேதான் செய்தனான். எனக்கு ஒருத்தரும் சொல்லித் தரேல்லை, நானா ஊத்தினனான். வீட்டுக்காரன் விழுந்து கையை முறிச்சான். அடுத்த கிழமை என்னை வீட்டால எழுப்பிப் போட்டான்!"

"அப்பா, இதை நீங்க எனக்குச் சொல்லவே இல்லையே!" என்றாள் தர்ஷிகா.

"சொல்லுற கதையே இது?"

எல்லோரும் சிரித்தாலும் மனுசன் எழும்பின பாடில்லை. கோட்டோடு அங்கேயே உறையப் போகிறார். அப்போது ஸீனத் என் கையிலிருந்த போனைப் பறித்தாள்.

"மகன்! சப்பாத்துக்கு மேலால மேஸ் போடுங்க! கம்பளி மேஸ்! எல்லாரும்!"

கிருஷ்ணராஜ் உள்ளே ஓடினான். கையில் அகப்பட்ட சொக்ஸையெல்லாம் அள்ளிக்கொண்டு வந்தான். சோடி சேராத சொக்ஸ்கள். தன் சப்பாத்தின் மேல் ஒன்று பச்சை, ஒன்று சாம்பல். மெல்லக் காலை வைத்தான், நின்றது. இன்னொரு அடி, அதுவும் நின்றது. ஸீனத் என் தொடையில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள். இன்னும் நோகிறது.

தர்ஷிகாவிடம் ஒரு சோடியைக் கொடுத்துவிட்டு, யோகநாதனுக்கு முன்னால் அந்த ஐஸில் சம்மணம் போட்டு இருந்தான். அவருடைய காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தான். பளபளத்த சப்பாத்தின் மேல் சிவப்புச் சொக்ஸை மாட்டி, குதிவரை இழுத்துச் சரிபார்த்தான். அவனுக்குக் கையுறைகூட இல்லை.

யோகநாதன் சிரிப்பை நிறுத்திவிட்டுக் குனிந்து அவனையே பார்த்தார். மற்றக் காலையும் தானே நீட்டினார்.

"கலியாண வாசலில பொம்பிளை வீட்டார்தான் மாப்பிள்ளைக்குக் கால் கழுவுறது" என்றார். குரல் தணிந்திருந்தது. "இஞ்ச மாப்பிள்ளை என்ர காலை மடியில வைச்சுக்கொண்டு இருக்கிறார்."

கிருஷ்ணராஜின் கை அப்படியே நின்றுவிட்டது. தர்ஷிகா ஒரு காலில் சொக்ஸோடு அசையாமல் நின்றாள். பேப்பர் வாசித்துக்கொண்டிருந்த இவர் எழும்பி வந்து என் தோளைப் பிடித்தார்.

எனக்கு நன்றாகக் கேட்டது. ஆனால் அந்தச் சொல்லை ஒரு தரம் மட்டும் கேட்டுவிட்டு விட எனக்கு மனம் வரவில்லை.

"என்ன சொன்னனீங்கள்? இஞ்ச லைன் கிளியர் இல்லை!" என்று பொய் சொன்னேன்.

யோகநாதன் என் மகனின் தோளைப் பிடித்துச் சிவப்புச் சொக்ஸோடு எழும்பி நின்றார். ஸ்பீக்கரைவிடப் பெரிய குரலில் கத்தினார்.

"மாப்பிள்ளை எண்டு சொன்னனான், சம்மந்தி!"

எனக்கு அழுகை வந்துவிட்டது. இன்னொரு தரம் சொல்லச் சொல்லிக் கேட்டேன்.