சிங்காரவேல் ஒதுக்கிய காவியம்

செராமிக் பொம்மையைச் சுண்டிப் பார்த்து, சத்தத்திலேயே விரிசலைச் சொல்லிவிடுகிற சிங்காரவேல், சினிமாவையும் அப்படித்தான் எடைபோடுவார். 1984-இல் விருத்தாசலத்துக்கு வந்த நான்கு மணி நேரக் கௌபாய் படத்தைப் பற்றி, "குதிரைதான் ஓடுது, கதை ஓடல" என்று டீக்கடையில் தீர்ப்புச் சொன்னார். ஊரே நம்பியது. படம் மூன்றே நாளில் பெட்டிக்குள் சுருண்டது.

2006-இல் பத்திரிகைகளெல்லாம் அதே படத்தைக் காவியம் என்று கொண்டாடின. மகள் இளமதி சென்னையிலிருந்து டிவிடி வாங்கிவந்து வீட்டில் போட்டாள். கடைசி அரை மணி நேரம் சிங்காரவேல் துண்டால் கண்ணைத் துடைத்தபடியே இருந்தார்.

"இவ்ளோ நல்ல படத்துல அன்னைக்கு என்னப்பா கொறை கண்டீங்க?"

"அன்னைக்கு வந்த பிரிண்டு சரியில்ல" என்று அவர் சீறினார். "வெள்ளைக்காரனே இப்பத்தான் ஒத்துக்கிறான், என்னை மட்டும் கேக்க வந்துட்டா!"

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அவர் மனைவி அன்புக்கரசி நிமிர்ந்தாள். "கொறை நீதான்டி. அப்ப கைக்கொழந்தை. பத்தாவது நிமிஷமே வீல்னு கத்துன. உன்னத் தூக்கிக்கிட்டு வெளிய போன உங்கப்பா, படம் வுட்டப்புறம்தான் என் கண்ணுல பட்டாரு."

"அப்ப நீ?"

"நான் முழுசா பாத்தேன். நல்ல படம்னு அன்னைக்கே சொன்னேன். யாரு கேட்டா?"