மொட்டைக்குச்சி ஓட்டு

2003 கோடையில் ஊர்க்கிணறு வற்றியதும் சங்கிலிமுத்து ஒரு காரியம் செய்தார். ஊர்த்தலைவர் என்ற மிதப்பில், யாரையும் கேட்காமல் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் போர் வண்டியை வரவழைத்தார். தண்ணீர் பீறிட்டு வந்தது. வண்டிக்காரருக்குக் கொடுக்கத்தான் ஊரிடம் பணமில்லை. தன் வீட்டுப் பத்திரத்தை வட்டிக்கடையில் வைத்துக் கொடுத்துவிட்டு, அதற்கப்புறம்தான் மனைவி அய்யம்மாளிடம் சொன்னார். இந்த ஆம்பிளைகளுக்கு எப்போதும் அதுதான் வரிசை.

ஊர் பேரில் பாங்கில் கடன் வாங்கிப் பத்திரத்தை மீட்டுவிடலாம். ஆனால் ஊர்ச் சங்கத்தின் சட்டம் குறுக்கே நின்றது. கையிருப்புக்கு மேல் சங்கம் கடன் வாங்கக் கூடாது. முன்னொரு காலத்தில் கடனுக்குக் களத்துமேட்டைப் பறிகொடுத்தவர்கள், இருக்கன்குடி மாரியம்மன் மேல் ஆணையாகப் போட்ட சட்டம். மாற்ற வேண்டுமென்றால் ஊரே ஓட்டுப் போட்டுப் பாதிக்கு மேல் சம்மதிக்க வேண்டும். இல்லையென்றால் அய்யம்மாள் வீட்டைக் காலி பண்ண வேண்டியதுதான்.

ஞாயிற்றுக்கிழமை, தீப்பெட்டிக் கம்பெனி வேன்கள் ஆளேற்ற வராத நாள், ஊர் மந்தையில் ஓட்டு நடந்தது. துணி மறைப்புக்குப் பின்னால் ஒரு பானை, இரண்டு தட்டு நிறையத் தீக்குச்சி.

“வேண்டாம்னா மருந்துக்குச்சி, சம்மதம்னா மருந்தில்லாத மொட்டைக்குச்சி. மொட்டையில ஏது ஆபத்து? அம்புட்டுத்தான்!” என்று சங்கிலிமுத்துவே விளக்கினார்.

கடனே கூடாதென்று ஊருக்குள் எதிர்த்துப் பேசிவந்த பெரியவர் ஊர்க்காவலனும் இந்த ஏற்பாட்டுக்குத் தலையாட்டினார். “தண்ணி வேணாங்கல. கடன்னா ஈரக்குலை நடுங்குது, தலைவரே” என்றார்.

அய்யம்மாள் மறைப்புக்குள் போனாள். இருந்த கோபத்துக்குக் கை முதலில் மருந்துக்குச்சியைத்தான் எடுத்தது. பிறகு கூரையை நினைத்துக்கொண்டு மொட்டையைப் போட்டுவிட்டு வந்தாள்.

பானையைச் சுளகில் கவிழ்த்தார்கள். பிரித்து எண்ண செல்வலட்சுமியும் பொன்னுத்தங்கமும் உட்கார்ந்தார்கள். இரண்டு பேரும் தீப்பெட்டி ஆபீஸில் குச்சி பிரித்துப் பெட்டி அடைக்கிறவர்கள், கை வேகத்தில் கெட்டிக்காரிகள். பேச்சு ஒரு பக்கம் நடக்க, விரல்கள் பறந்தன. செல்வலட்சுமி சுளகை நீட்டினாள்.

அத்தனையும் மருந்துக்குச்சி. பேருக்குக்கூட ஒரு மொட்டை இல்லை.

சங்கிலிமுத்துவின் முகம் செத்துப்போனது. மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தார். ‘நீயுமா?’ என்ற பார்வை. வீடு போனது ஒரு பக்கம், இந்தப் பார்வை வேறா!

“ஏ செல்வலட்சுமி, நான் போட்ட மொட்டை எங்கடி?” என்று எழுந்தாள். “ஊரே உக்காந்திருக்கு, குச்சி இம்புட்டுத்தானா?”

செல்வலட்சுமி விழித்தாள். பிறகு தன் முதுகுப்பக்கம் பார்த்தாள். வெற்றிலை கொண்டுவந்த ஓலைப்பெட்டி அங்கே இருந்தது. அது நிறைய மொட்டைக்குச்சி!

“ஆத்தீ! கழிவுன்னு கை தன்னால தூக்கிப் போட்டுருச்சே!”

ஆபீஸில் நாள் முழுக்க அதுதானே வேலை. பெட்டியில் ஒரு மொட்டை போனாலும் கணக்கப்பிள்ளை ஏசுவார்.

“எனக்குந்தாங்க்கா” என்று பொன்னுத்தங்கம் முக்காட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

சிரிப்பில் மந்தையே அதிர்ந்தது. ஊர்க்காவலனே பெட்டியை வாங்கி எண்ணினார். மருந்தைவிட மொட்டை இருமடங்குக்கு மேல் இருந்தது. “சட்டம் மாறிருச்சுப்பா. இனி கடனை அடைக்கிற வழியப் பேசுவோம்” என்றார். அய்யம்மாள் நின்ற இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். கண்ணீரும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

சங்கிலிமுத்து இளித்துக்கொண்டு பக்கத்தில் வந்தார். “ஒரு நிமிசம் நீயும் கைவிட்டுட்டயோன்னு...”

“தெரியும். பாத்தீகளே ஒரு பார்வை! அதுக்கு இன்னிக்கு உங்களுக்குச் சோறு கிடையாது.”

“மருந்துக்குச்சியத் தொடவே இல்லையா நீ?”

அய்யம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “வாங்க, குழம்பு ஆறுது” என்று சொல்லி எழுந்து, தன் வீட்டைப் பார்த்து நடந்தாள்.