கிணற்றில் ஒரு கடலாமை

கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலைக்கு அந்தக் கிணறுதான் வாசல். பம்புகள் இறைக்க இறைக்க உள்ளே நீர்மட்டம் தாழும், வெளியே கடல் உயர்ந்தே நிற்கும். இரண்டும் சமமாகாமல் தண்ணீருக்குத் தூக்கம் வராது. அதனால் கடலடியில் போட்ட நீளக் குழாய் வழியாக அது தானாகவே உள்ளே பாய்ந்துகொண்டிருக்கும்.

குழாயின் வாய் கடற்புல் மேட்டின் நடுவில் இருந்தது. வாய்க்குப் போட்ட தடுப்பில் இரண்டு கம்பிகள் போன புயலிலேயே பிய்ந்துபோயின. பராமரிப்புக்கென்று ஆலையை நிறுத்தும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று மேலாளர் தள்ளிப்போட்டிருந்தார். புல் மேய வந்த ஆமை அந்த இடைவெளியில் நுழைந்திருக்க வேண்டும். எதிர்நீச்சல் போட்டு அவ்வளவு தூரம் திரும்ப எந்த ஆமைக்கும் மூச்சு போதாது.

கிணற்றில் அதைப் பார்த்தவள் பம்பு அறையில் வேலை செய்பவள். மேலாளர் அவளுடைய அக்கா கணவர். வேலை வாங்கிக் கொடுத்ததும் அவர்தான்.

பம்புகளுக்கு முன்னால் நிற்கும் கம்பிச் சட்டத்தில் ஆமை ஒட்டிக்கிடந்தது. நீரின் இழுப்பு அதை அங்கே அழுத்தியது. துடுப்புகளை உதறிப் பிய்த்துக்கொண்டு மேலே வரும், ஒரு மூச்சு எடுக்கும், மறுபடி இழுபட்டுப் போகும்.

"கம்பியில பாசி வார்ற மெஷினை நிறுத்திட்டேன் தங்கச்சி. இல்லன்னா அதோட பல்லு ஆமையைக் கிழிச்சிடும்" என்றார் மீசை. அவளோடு வேலை செய்யும் அவர் மீசையை எடுத்துப் பல வருடமாகிறது, பெயரைத்தான் எடுக்க முடியவில்லை.

"நல்லது பண்ணீங்க அண்ணே."

"எங்க நல்லது? வாராம விட்டா பாசி கம்பியை அடைக்கும். அடைக்க அடைக்க, மிச்ச சந்துல இழுப்பு கூடும்."

அவள் மேலாளருக்குப் போன் போட்டாள். "சார், கிணத்துல ஆமை. உயிரோட இருக்கு. பம்பை நிறுத்தணும்."

"விளையாடுறியா? நிறுத்தினா திரும்ப ஓட வைக்க அரை நாள் ஆகும். தலைமை ஆபீஸ்ல கேட்டுட்டுச் சொல்றேன்."

"சீக்கிரம் கேளுங்க மாமா."

"ஆபீஸ்ல என்ன மாமா?" லைன் துண்டிக்கப்பட்டது.

"மாமான்னாலும் நிக்காது, சார்னாலும் நிக்காது" என்றார் மீசை. "பட்டன் அமுக்கினாத்தான் நிக்கும்."

"கிண்டல் பண்ணாதீங்க. எனக்கு வேலை போனா பரவாயில்ல. அக்கா முகத்துல எப்படி முழிப்பேன்?"

நீர் இரண்டு ஆள் ஆழத்தில் கிடந்தது. பம்பு ஓடும்போது இறங்குபவரும் கம்பியில்தான் ஒட்டுவார். போன் வரவில்லை. ஆமை மேலே வரும் இடைவெளி நீண்டுகொண்டே போனது. ஒருமுறை மூக்கு நீரைத் தொடும் முன்பே அது இழுபட்டுப் போனதை அவள் பார்த்தாள். நகரத்தின் தொட்டிகளில் மறுநாள் வரைக்கும் தண்ணீர் இருப்பதைத் திரையில் ஒருமுறை பார்த்துக்கொண்டாள். பிறகு பம்புகளை ஒவ்வொன்றாக நிறுத்தினாள்.

அறை அப்படி அமைதியாகி அவள் கேட்டதே இல்லை. பம்பு நின்றாலும் குழாய்க்குள் ஓடிவரும் தண்ணீர் உடனே நிற்காது. வந்த வேகத்தில் கிணறு நிரம்பி, கடல் மட்டத்தையும் சற்றுத் தாண்டி ஏறியது. கூடவே ஆமையும் ஏறியது. மீசை இடுப்பில் கயிறு கட்டி ஏணியில் இறங்கி, பம்பு தூக்கும் அகலப் பட்டையை ஓட்டுக்கு அடியில் நுழைத்தார். அவள் மேலே தொங்கிய கப்பியின் சங்கிலியை இழுத்தாள்.

"யம்மாடி, என்ன கனம்! வீட்டோட குடி வந்திருக்கு போல" என்றார் மீசை.

தள்ளுவண்டியில் ஏற்றிக் கடற்கரைச் சரிவுக்குக் கொண்டுபோய் விட்டார்கள். கொஞ்ச நேரம் அசையாமல் கிடந்தது. பிறகு மணலை வாரி இறைத்துவிட்டு அலைக்குள் போனது.

திரும்பி வந்தபோது மேலாளர் பம்பு அறையில் நின்றிருந்தார். மேசையில் போன் அடித்துக்கொண்டிருந்தது.

"தலைமை ஆபீஸ்" என்றார். அவர் குரல் தழைந்திருந்தது. "பம்பு தானா நின்னுடுச்சுன்னு சொல்லும்மா. உனக்கும் ஒண்ணும் ஆகாது, எனக்கும் ஒண்ணும் ஆகாது. அக்காவை நினைச்சுப் பாரு."

அவள் நினைத்துத்தான் பார்த்தாள். தானாக நின்ற பம்பை யாராவது வந்து சரிபார்ப்பார்கள், சரியாக இருக்கிறது என்பார்கள், ஓடவிடுவார்கள். பிய்ந்த கம்பியைப் பார்க்கக் கடலடிக்கு யாரும் போகமாட்டார்கள்.

போனை எடுத்தாள். "நான்தான் நிறுத்தினேன் சார். கிணத்துல ஆமை சிக்கியிருந்தது."

"ஆமையா? அது எப்படி உள்ள வந்துச்சு?"

மேலாளர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார்.

"குழாய் வாயில ரெண்டு கம்பி இல்ல சார்."

"எப்போலேர்ந்து?"

அவள் மேலாளர் பக்கம் திரும்பினாள். "மாமா" என்று மெதுவாகக் கூப்பிட்டு, போனை அவர் கையில் கொடுத்தாள்.