பதினாலு மில்லிமீட்டர் வாய்க்கு ஒரு சாண்ட்விச்

வேலுசாமிக்குப் பேசுவதுதான் உத்தியோகம். அம்பத்தூரில் ஒரு கம்பெனியில் உட்கார்ந்துகொண்டு, எங்கோ வெளிநாட்டில் பிரிண்டர் ஓடாமல் தவிக்கிறவர்களுக்குப் போனில் வழி சொல்வான். எட்டு மணி நேரம் அப்படிப் பேசிவிட்டு, சென்னீர்குப்பத்தில் இருக்கும் வீட்டுக்கு வந்து மிச்சத்தை மனைவி ரேணுகாவிடம் பேசுவான். இரண்டு பேருக்கும் கோபிச்செட்டிபாளையம் பக்கம். கல்யாணமாகி எட்டு வருஷத்தில் அவன் பேச்சு நின்று அவள் பார்த்ததில்லை.

ஆடி மாசத்தில் ஒரு நாள் குமணன்சாவடி சந்திப்பில் நாய் ஒன்று குறுக்கே ஓடியது. பிரேக் பிடித்தான். ஸ்கூட்டர் நின்றுவிட்டது, அவன்தான் நிற்கவில்லை. கை, கால், ஹெல்மெட்டுக்குள் இருந்த தலை எல்லாம் பத்திரம். தாடை மட்டும் இரண்டு இடத்தில் உடைந்தது. ஆஸ்பத்திரியில் மேல்பல்லையும் கீழ்ப்பல்லையும் சேர்த்துக் கம்பியால் கட்டிவிட்டார்கள். ஐந்து வாரம் வாயைத் திறக்கவே முடியாது.

ராகிக் கூழ், பருப்புத் தண்ணீர், வடிகட்டிய சூப், எல்லாம் ஸ்ட்ராவில். சொல்ல வேண்டியதை போனில் தட்டிக் காட்டுவான். முதல் வாரம் பக்கம் பக்கமாகத் தட்டினான். அப்புறம் அதுவும் குறைந்துபோயிற்று. மூன்றாவது வாரத்தில் அவனுக்கு அந்த வீடியோ கிடைத்தது.

யாரோ ஒரு வெள்ளைக்காரர், முகம்கூடத் தெரியாது, கை மட்டும் தெரியும். ரொட்டிக்கு நடுவே வான்கோழிக் கறியும் சீஸும் வைத்து, இரண்டு பக்கமும் பொன்னிறமாக வாட்டி, கத்தியால் குறுக்கே வெட்டுவார். கர்ர்ரக் என்று ஒரு சத்தம். சீஸ் நூலாக இழுபடும். இரண்டு நிமிஷ வீடியோ. வேலுசாமி அதை ஒரு நாளைக்கு இருபது தடவை பார்த்தான். சமையலறையில் நின்றாலும் ரேணுகாவுக்கு அந்தச் சத்தம் கேட்கும்.

ஒருநாள் போனை அவள் முகத்துக்கு நேராக நீட்டினான். "கம்பி எடுத்ததும் எனக்கு இதுதான் வேணும்."

"செஞ்சுட்டாப் போச்சு. கோழி வாங்கி..."

வேகமாகத் தட்டினான். "கோழி இல்ல. வான்கோழி."

"நீங்க வான்கோழி தின்னிருக்கீங்களா?"

இல்லை என்று தலையாட்டினான். ஆனால் கண்ணில் இருந்த ஆசையைப் பார்த்ததும் ரேணுகாவுக்கு மறுத்துப் பேச வாய் வரவில்லை.

திங்கட்கிழமை கம்பி எடுப்பதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் பூந்தமல்லி மார்க்கெட்டுக்குப் போனாள். கறிக்கடை யூசுப் பாய் அவள் கேட்டதும் சிரித்துவிட்டார்.

"வான்கோழியா? இன்னாமா, கிறிஸ்மஸ் இன்னும் எவ்ளோ தூரம் கீது! பின்னாடி மூணு நிக்குது. ஆனா முழுசாத்தான் தருவேன். பாதியை வெட்டிக்கினு மீதியை நான் யார்கிட்ட விக்கறது?"

"முழுசுன்னா எவ்வளவு வரும் பாய்?"

"ஆறு கிலோ. ஊட்டுல எத்தினி பேரு?"

"ரெண்டு பேரு. அதுல ஒருத்தருக்கு வாயே திறக்காதுங்க."

யூசுப் பாய் கத்தியைக் கீழே வைத்துவிட்டு முழுக் கதையையும் கேட்டார். கேட்டு முடித்ததும், இருந்த மூன்றில் இளசாக ஒன்றைத் தானே தேர்ந்தெடுத்து வெட்டினார். "கோழின்னு நெனைச்சி வேக வெச்சிடாதே. ரொம்ப நேரம் புடிக்கும், குக்கர்ல போட்டுட்டு வேற வேலையைப் பாரு" என்று சொல்லி அனுப்பினார்.

ரேணுகாவிடம் இருந்தது மூன்று லிட்டர் குக்கர். கீழ் வீட்டு கமலம் அக்காவிடம் ஏழரை லிட்டர் இருந்தது. பாதிக் கறியைக் கொடுத்துவிட்டுக் குக்கரை வாங்கி வந்தாள். நெஞ்சுக்கறியை மிளகு, பூண்டு, உப்பு போட்டு ஏழு விசில் விட்டாள். திறந்து கிள்ளிப் பார்த்தால் செருப்பு மாதிரி இருந்தது. இன்னும் ஆறு விசில். அதற்கப்புறம்தான் நார் நாராகப் பிரிந்து வந்தது. பக்கத்தில் நின்று வேலுசாமி மோந்து மோந்து பார்த்தான். அன்று ராத்திரி அவனுக்கு அந்தச் சாறு மட்டும் ஸ்ட்ராவில் கிடைத்தது.

மறுநாள் ஆஸ்பத்திரியில் கம்பியை எடுத்தார்கள். "வாயைத் திறங்க" என்றார் டாக்டரம்மா. வேலுசாமி பலம் கொண்ட மட்டும் திறந்தான். ஒரு விரல் போகிற அளவுக்குத்தான் திறந்தது.

"இத்தனை நாள் கட்டியிருந்ததால தசை இறுகிப்போச்சு. தினமும் பயிற்சி செஞ்சா மெதுவா திறக்கும். ரெண்டு மூணு வாரத்துக்கு மெத்துனு இருக்கறதா சாப்பிடுங்க. இட்லி, குழைஞ்ச சாதம். கடிச்சு இழுக்கற வேலையெல்லாம் வேணாம்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவன் பேசவில்லை. இப்போது பேசலாம், வாய் கட்டில்லை, இருந்தும் பேசவில்லை. வந்ததும் சோபாவில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டான். ஐந்து வாரம் அழாதவன், அன்று கண்ணைத் துடைத்துக்கொண்டதை ரேணுகா பார்த்தாள்.

அவளுக்கு அம்பத்தூர் எஸ்டேட்டில், பம்புக்கு உதிரிபாகம் செய்யும் பட்டறையில் வேலை. வருகிற ஒவ்வொரு பாகத்தையும் அளந்து, சரியாக இருந்தால் அனுப்புவாள், இல்லாவிட்டால் தள்ளிவிடுவாள். பத்து வருஷமாக அதே வேலை. கைப்பையில் எப்போதும், மில்லிமீட்டர் கணக்கில் அளக்கிற வெர்னியர் ஒன்று கிடக்கும். அதை எடுத்துச் சோப்புப் போட்டுக் கழுவி, வெந்நீரில் முக்கித் துடைத்துக்கொண்டு வந்தாள்.

"எந்திரிங்க. வாயைத் திறங்க."

"எதுக்கு?" பல்லிடுக்கில் வந்தது அவன் குரல்.

"திறங்கன்னா."

மேல்பல்லுக்கும் கீழ்ப்பல்லுக்கும் நடுவே வெர்னியரை வைத்தாள். பதினாலு மில்லிமீட்டர்.

ரொட்டிப் பாக்கெட்டிலிருந்து ஒரு துண்டை எடுத்து அளந்தாள். பன்னிரண்டு. இரண்டு துண்டு வைத்தாலே இருபத்தி நாலு. கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு சப்பாத்திக் கட்டையை எடுத்து ரொட்டியை உருட்ட ஆரம்பித்தாள். ஓரம் வெட்டி உருட்டியதும் மூன்று மில்லிமீட்டருக்கு வந்துவிட்டது. கறியை மிக்ஸியில் ஒரே ஒரு சுற்று விட்டு எடுத்தாள். சீஸ் ஒரு வில்லை.

வேலுசாமி எழுந்து வந்து சமையலறை வாசலில் நின்றுகொண்டான்.

தோசைக்கல்லில் வெண்ணெய் தடவி முதல் சாண்ட்விச்சை வைத்தாள். அது நன்றாக முறுகிவிட்டது. தட்டினால் டக்கென்றது. இதைக் கொடுத்தால் டாக்டரம்மா தன்னைத் திட்டுவார் என்று தெரிந்தது. ஆனால் வீணாக்க மனசு வரவில்லை. அவன் காதருகே கொண்டுபோய்த் தானே கடித்தாள். கர்ர்ரக்.

வேலுசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தால் தாடை வலித்தது. இரண்டு கையாலும் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "ஐயோ, ஐயோ" என்று சிரித்தான்.

இரண்டாவதைச் சின்ன தீயில் வைத்தாள். மேலே தண்ணீர் நிரப்பிய பாத்திரத்தை ஏற்றி அழுத்தினாள். இரண்டு பக்கமும் லேசாகச் சிவந்ததும் மூடி போட்டு ஆவியில் ஒரு நிமிஷம் விட்டாள். ரொட்டி மெத்தென்று ஆனது, உள்ளே சீஸ் உருகிக் கறியோடு கலந்துவிட்டது. தட்டில் எடுத்து மூன்று இடத்தில் வெர்னியரை வைத்துப் பார்த்தாள்.

குக்கரைத் திரும்ப வாங்க வந்த கமலம் அக்கா அதைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். "இன்னாம்மா இது, துன்றதைப் போயி அளந்துகினு கீறே!"

"பதினொண்ணு அக்கா. போகும்."

விரல் அகலத்துக்கு வெட்டி, ஒரு துண்டைச் சூடான கறிச்சாற்றில் தொட்டுக் கொடுத்தாள். வேலுசாமி வாயைத் திறந்தான். துண்டு உள்ளே போயிற்று. மெல்ல மெல்லக் கண்ணை மூடிக்கொண்டான். சீஸ் நூல் ஒன்று தாடையில் ஒட்டிக்கொண்டு தொங்கியது. இரண்டு பெண்களும் அவன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு துண்டை முடிக்க ஐந்து நிமிஷம் ஆயிற்று.

"எப்படிங்க இருக்கு?"

கண்ணைத் திறந்தான். ரொம்ப யோசித்துச் சொன்னான். "கோழி மாதிரியே இருக்குது புள்ள."

கமலம் அக்கா சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ரேணுகா சப்பாத்திக் கட்டையைத் தூக்கினாள். அவன் தட்டைத் தூக்கிக்கொண்டு ஹாலுக்கு ஓடினான். ஓடினாலும் மிச்சத் துண்டுகளை விடவில்லை. ஐந்து துண்டையும் அரை மணி நேரம் உட்கார்ந்து தின்று தீர்த்தான். அன்று சாயந்தரம் ஊருக்குப் போன் போட்டு, கோபியில் இருக்கிற அத்தனை சொந்தக்காரர்களுக்கும் அதன் ருசியைக் குழறிக் குழறிச் சொன்னான்.

மீதிக் கறி பிரிட்ஜில் உறைந்து கிடந்தது. ரேணுகா ஞாயிற்றுக்கிழமைதோறும் அவன் வாயை அளந்தாள். அளவுக்குத் தகுந்தாற்போல் சாண்ட்விச்சும் தடித்தது. பத்தொன்பதில் ரொட்டியை உருட்டுவதைக் கொஞ்சம் குறைத்தாள். இருபத்தி ஆறில் டாக்டரம்மா முறுகலுக்குச் சம்மதம் கொடுத்தார். முப்பத்தி நாலு வந்த வாரம் அவன் வேலைக்குத் திரும்பினான்.

அதற்கு முந்தின நாள், கடைசியாக மிஞ்சியிருந்த கறியை எடுத்து வேலுசாமியே தோசைக்கல் முன்னால் நின்றான். ரேணுகாவை உட்காரச் சொல்லிவிட்டு, வெங்காயமும் பச்சை மிளகாயும் பொடியாக அரிந்து போட்டு அவளுக்கு ஒன்று வாட்டினான். வாட்டுகிற நேரம் முழுக்கப் பேசிக்கொண்டே இருந்ததில் ஒரு பக்கம் கருகிவிட்டது. கருகின பக்கத்தைக் கீழே திருப்பி வைத்துக் கொடுத்தான். அவள் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி எடுத்துக் கடித்தாள்.

"இன்னொண்ணு போடுங்க" என்றாள்.