ஓம் சொல்ல முடியாத கேள்வி

இரவு வேலை முடித்துப் படுத்த நான் மதியம் எழும்பி வந்தபோது சமையலறை மேசையில் தங்கை கவிசாவின் மடிக்கணினி திறந்திருந்தது. பக்கத்தில் அவளுடைய சோறு காய்ந்துகொண்டிருந்தது. மருந்தாளர் படிப்பு முடித்தவர்களுக்கு இங்கே ஜெர்மனியில் ஒரு வருடப் பயிற்சி உண்டு. முதற்பாதியை அவள் ஒரு மருந்துக்கடையில் முடித்துவிட்டாள். மற்றப் பாதிக்கு இரண்டு இடங்கள் கிடைத்திருந்தன: ஃபிராங்ஃபேர்ட்டில் ஒரு பெரிய மருந்துக் கொம்பனி, இங்கே கார்ல்ஸ்ரூஹேயில் ஓர் ஆஸ்பத்திரி. கொம்பனிக்கு இன்று பின்னேரத்துக்குள் பதில் சொல்லவேண்டும்.

"கொம்பனி எண்டால் சபையில சொல்ல ஒரு பேர் இருக்கு" என்றார் அம்மா. "ஆஸ்பத்திரியில நிலக்கீழ் அறையிலதானே வச்சிருப்பினம்?"

"ஓம்" என்றார் அப்பா.

"இல்லையப்பா, வார்ட்டுக்கும் விடுவினம்" என்றாள் கவிசா.

"ஓம், அதுவும் சரிதான்."

அதே படிப்பை மூன்றாம் அரையாண்டில் விட்டுவிட்டு மருந்துக் களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிற என்னிடம் இந்த வீட்டில் யாரும் யோசனை கேட்பதில்லை. நியாயம்தான். கோப்பியை ஊற்றிக்கொண்டு, இரண்டு இடத்துக்கும் ஒருநாள் பார்க்கப் போனாளே, என்ன நடந்தது என்று கேட்டேன்.

"கொம்பனியில கேக் தந்தவை, அண்ணா. சுத்திக் காட்டினவை. எல்லாம் சூப்பர் எண்டவை."

"ஆஸ்பத்திரியில?"

"பேச்சு வாங்கினன்."

கால் வீங்கி, மூச்சு வாங்கி, அன்று காலையில்தான் வந்து படுத்திருந்த ஜேசுரட்ணம் என்ற முதியவரிடம் அவளை அனுப்பியிருக்கிறார்கள். தமிழ் தெரிந்தவள் கிடைத்துவிட்டாள் என்று வார்ட்டில் எல்லோருக்கும் சந்தோஷம். இவள் போய், "ஐயா, குளிசை எல்லாம் ஒழுங்காப் போடுறீங்கள்தானே?" என்று கேட்டிருக்கிறாள். "ஓம் பிள்ளை." ஒழுங்காகப் போடுகிறார் என்று எழுதிவிட்டாள். தலைமை மருந்தாளர் லிண்ட்னருக்குத் தமிழ் ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் நோகிறதா என்று கேட்டாலும், நோகவில்லையா என்று கேட்டாலும் மனிதர் ஒரே மாதிரித் தலையாட்டுவதை அந்த மனுசி கவனித்திருந்தார். எல்லோருக்கும் முன்னால் கவிசாவைப் பிடித்துக்கொண்டார்: பதிலையும் நீயே சொல்லிக் கொடுத்துவிட்டு என்னத்தைக் கேட்டாய்? திரும்பப் போ. இன்று காலையில் என்ன விழுங்கினார் என்று கேள்.

"கேட்டனான். ஒண்டும் போடேல்ல எண்டார். வெளியில போற நாளில, வீக்கம் வடியக் குடுத்த தண்ணிக் குளிசை போடமாட்டாராம். பஸ்ஸுக்குள்ள ஒண்டுக்கு வந்தா எங்க போறது எண்டு கேக்கிறார். மனுசன் பூசைக்கும் கடைக்கும் எண்டு ஒவ்வொரு நாளும் வெளியிலதான்."

அப்பா தண்ணீர்ப் போத்தலின் மூடியைத் திறந்தார், மூடினார்.

"பேசினவ பிறகு என்ன செய்தவ?" என்று கேட்டேன்.

"மத்தியானம் கன்ரீனில எனக்கு இடம் பிடிச்சு வச்சிருந்தவ. நீ இங்க வந்தால் முதல் கிழமையே தனியக் கேக்க விடுவன் எண்டவ."

"பேச்சு வாங்குற இடத்துக்கு ஆரும் விரும்பிப் போவினமே?" என்றார் அம்மா. "உனக்கென்ன விசரே?"

நான் வகுப்புக்குப் போகாமல் விட்டதை ஒரு பேராசிரியரும் கவனிக்கவில்லை. எல்லோரும் மரியாதையானவர்கள். ஒருநாள் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள்.

"கவனிச்சால்தான் பேசுவினம்" என்றேன். "அங்க போ."

அம்மா என்னை ஒருமுறை பார்த்தார். கவிசா மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்தாள். இரண்டு சொல் தட்டினாள், அழித்தாள். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பினாள்.

"அப்பா, பிறெசர்க் குளிசை ஒழுங்கா..." என்று தொடங்கியவள் நிறுத்தினாள். "இண்டைக்குக் காலமை என்ன குளிசை போட்டனீங்கள்?"

அப்பா ஓம் சொல்ல வாயைத் திறந்தார். அது அந்தக் கேள்விக்குப் பொருந்தவில்லை. அம்மாவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கதிரையைத் தள்ளி எழும்பி அறைக்குள் போனவர், உள்ளே குளிசைகள் கிலுகிலுக்கும் பழைய பிஸ்கட் தகரம் ஒன்றோடு திரும்பி வந்தார்.

அதை வைக்க மேசையில் இடம் இருக்கவில்லை. கவிசா மடிக்கணினியை மூடி என் கையில் தந்துவிட்டு, சோற்றுக் கோப்பையையும் தள்ளி வைத்தாள்.

"எல்லாத்தையும் கொட்டுங்கோ அப்பா" என்றாள். "பேசமாட்டன்."