சிவப்புக் கோழியும் பெருவிடையும்

யுத்தம் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. கோச்சடை கிராமத்துச் செல்லத்தாயின் புருஷன் பட்டாளத்தில் சேர்ந்து வடக்கே போயிருந்தான். அவள் நாட்டுக் கோழிகளைக் கூடையில் சுமந்துபோய் ஆரப்பாளையத்தில் விற்றுவந்தாள். வாடிக்கைக்காரர்களில் ஒருத்திதான் விக்டோரியா. மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஞானமுத்துவின் மனைவி.

கறிச்சோற்றுக் கடை கண்ணுச்சாமி ஒருநாள், "அக்கா, ஒரே பருமனா வாரம் இருபது கோழி தந்தா நான் வேற ஆளுகிட்ட போகமாட்டேன்" என்றான். தனியாளாக அம்புட்டு வளர்க்க முடியாது. செல்லத்தாய் நேரே விக்டோரியா வீட்டுக்குப் போய்க் கூட்டுச் சேரக் கேட்டாள். வாத்தியார் வீட்டின் பின்கட்டு பெரியது. சுற்றிலும் சுவர், கீரி நுழையாது.

விக்டோரியா உடனே சம்மதித்தாள். எந்தக் கோழி என்பதில்தான் வம்பு வந்தது.

"சிவப்புச் சீமைக்கோழிதான் வளர்க்கணும். அஞ்சே மாசத்துல எடை நிக்கும். வெள்ளைக்காரத் துரைசாணி பங்களாவுல அடைவைக்க முட்டை தரேன்னுருக்காங்க" என்றாள் விக்டோரியா. கையில் ஒரு கோழிப் புத்தகம் வேறு.

"சீமைக்கோழிக்கு நம்ம வெயிலு தாங்குமா வாத்தியாரம்மா? எங்க நாட்டுப் பெருவிடையப் பாருங்க. எட்டு மாசமானாலும் எலும்பு வரைக்கும் ருசியா இருக்கும்."

"எட்டு மாசம் வரைக்கும் கண்ணுச்சாமி இலையைப் போட்டுக்கிட்டு உக்காந்திருப்பாரா?"

கடைசியில் பின்கட்டில் சிவப்பு, கோச்சடையில் பெருவிடை என்று ஆளுக்கொரு பக்கமாக வளர்த்தார்கள். மாசி மாதம் இரண்டிலும் ஒவ்வொன்றைக் கண்ணுச்சாமி குழம்பு வைத்தான். இரண்டையும் தின்று பார்த்தவன், விரலை நக்கிக்கொண்டே சொன்னான்: "ருசின்னா பெருவிடைதான். ஆனா கடைக்குச் சதை நெறைய வேணும்க்கா. மசாலாவக் கூட்டிப் போட்டுச் சமாளிச்சுக்கிறேன். சிவப்பையே குடுங்க."

செல்லத்தாய்க்கு முகம் சுண்டிப்போயிற்று. விக்டோரியா ஜெயித்த மிதப்பைக் காட்டவில்லை. வெல்லம் போட்ட காப்பி கொடுத்து அனுப்பினாள். அதுதான் இன்னும் உறுத்தியது.

கோடை லீவுக்கு விக்டோரியா திண்டுக்கல்லில் தாய்வீட்டுக்குப் புறப்பட்டாள். சிவப்புக் கோழிகளைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு செல்லத்தாயிடம் வந்தது. "இனம் கலந்துறக் கூடாது, பாத்துக்க" என்று வண்டியில் ஏறும்போதும் சொன்னாள். சிவப்பின் சதையும் பெருவிடையின் ருசியும் ஒரே கோழியில் சேராதா என்று மூன்றாம் நாளே செல்லத்தாய் சீமைச்சேவலைத் தனியே கூடையின்கீழ் கவிழ்த்துப் போட்டுவிட்டுத் தன் பெருவிடைச் சேவலைப் பின்கட்டில் விட்டாள். இரண்டு வாரம் கழித்துக் கிடைத்த முட்டைகளில் பன்னிரண்டை மடியில் கட்டிக்கொண்டு போய்த் தன் அடைக்கோழிக்கு வைத்தாள். ஒன்பது பொரித்தன. செய்தது திருட்டு என்று அவளுக்குத் தெரியும். விக்டோரியா திரும்பிவந்தபோது செல்லத்தாய் அதை மறைத்துவிட்டாள்.

ஆடிக் காற்றோடு கழிச்சல் நோய் வந்தது. முதல் நாள் நான்கு சிவப்புக் கோழிகள் கழுத்தைத் தொங்கப்போட்டன. மூன்றாம் நாள் பின்கட்டே காலி. செல்லத்தாய் போனபோது விக்டோரியா, வெறுங்கூட்டின் கதவைப் பிடித்துக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள்.

"புஸ்தகத்துல இருந்தபடிதானே எல்லாம் செஞ்சேன் செல்லத்தாயி…"

"என் வீட்டுலயும் பாதிக்கு மேல போயிருச்சும்மா." பிறகு, "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். நீங்க ஊருக்குப் போயிருந்தப்ப நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்" என்று முழுவதையும் கொட்டிவிட்டாள்.

விக்டோரியா கூட்டின் கதவைச் சாத்திவிட்டுத் திரும்பினாள். "முட்டை வேணும்னு கேட்டிருந்தா தந்திருக்க மாட்டேனா?" என்றாள்.

"முட்டையத் தந்திருப்பீங்க. என் சேவல உள்ள விட்டிருக்க மாட்டீங்களே."

அழுத முகத்தில் சிரிப்பு வந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு, "எத்தனை பிழைச்சிருக்கு?" என்று கேட்டாள்.

"அஞ்சு."

அன்றைக்கே இருவரும் வைகைக் கரையோரமாகக் கோச்சடைக்கு நடந்தார்கள். செவலையும் கறுப்புமாக, இரண்டு மாதத்துக்குள் கைக்கு அடங்காத பருமனில் மேய்ந்துகொண்டிருந்த அந்த ஐந்தையும், விக்டோரியா சேலை மண்ணில் புரளக் குத்தவைத்துப் பார்த்தாள். "கால் உன் கோழி. நெஞ்சு என் கோழி" என்றாள்.

அதற்கப்புறம் அந்தக் கலப்புக் கோழியைத் தவிர வேறு கோழியை அவர்கள் விற்கவில்லை. துரைசாணியிடம் மறுபடி சிவப்புப் பெட்டைகள் வாங்கினார்கள். பெருவிடைச் சேவல் கோச்சடையிலிருந்து பின்கட்டுக்குப் போயிற்று. மசாலாவைக் குறைத்துவிட்டதாகக் கண்ணுச்சாமியே சொன்னான். தவிட்டைப் பிசைந்துகொண்டே பின்கட்டில் இருவரும் பேசாத பேச்சில்லை. பட்டாளத்துக் கடிதங்களைச் செல்லத்தாய்க்கு வாசித்துக் காட்டியதும் விக்டோரியாதான். புருஷன் உயிரோடு திரும்பும் சேதியையும் அந்தக் கோழிக்கூட்டுப் பக்கத்தில்தான் செல்லத்தாய் கேட்டாள்.

சுதந்திரம் வந்த மறு வருஷம் ஞானமுத்துவுக்கு ராமநாதபுரத்துக்கு மாற்றலாயிற்று.

செல்லத்தாய் இப்போதும் கோழி வளர்க்கிறாள். புருஷன் கூட நிற்கிறான், வியாபாரத்துக்குக் குறையில்லை. அவள் எந்தக் கோழியைக் காட்டி எது சொன்னாலும் அவன் சரி என்கிறான். அப்போதெல்லாம், இல்லை என்று சொல்லிப் புத்தகத்தை எடுத்துவந்து நீட்ட அந்த அம்மாள் பக்கத்தில் இருந்தால் தேவலை என்று அவளுக்குத் தோன்றும்.