சாவி இல்லாத கடிகாரம்

சவரிராஜின் கைக்கடிகாரம் நின்றுபோனது, அவருடைய தோளில் இருந்த மாவுக்கட்டைப் பிரித்த அன்றைக்கே. பஸ் படியில் கால் வழுக்கி விழுந்து இரண்டு மாதம் கட்டோடு கிடந்தவர், கட்டு போனதும் முதல் வேலையாக அதை எடுத்து இடது கையில் கட்டிக்கொண்டார். சாயங்காலத்துக்குள் அது நின்றுவிட்டது. தட்டினால் ஓடும், கொஞ்ச நேரத்தில் மறுபடி நிற்கும்.

"அதுவும் என்னை மாதிரி ஆயிடுச்சு," என்றார்.

அவருக்கு நாற்பத்தொன்பது வயது. பதினெட்டு வருஷமாகப் பஸ் ஓட்டுகிறவர். ஆறு வாரத்தில் டாக்டர் மறுபடி பார்ப்பார். இடது கை தோளுக்கு மேல் எழும்பினால் ஸ்டியரிங். எழும்பாவிட்டால் டிப்போ வாசலில் நாற்காலி போட்டு, போகிற வருகிற பஸ்களின் நம்பர் எழுதும் வேலை. அந்த நாற்காலியை நினைத்தாலே அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஆஸ்பத்திரியில் சொல்லிக்கொடுத்த பயிற்சிகளைச் செய்தீர்களா என்று யார் கேட்டாலும், "ஆச்சு, ஆச்சு" என்பார். கை மட்டும் நெஞ்சோடு ஒட்டியே இருந்தது.

மகள் அருள்ஜோதி கடிகாரத்தை நூர்தீனிடம் கொண்டுபோனாள். சிராங்கூன் ரோட்டில், ஒரு துணிக்கடையின் ஐந்தடி நடைபாதையில் கண்ணாடிப் பெட்டியோடு உட்கார்ந்து கடிகாரம் பழுது பார்ப்பவர் அவர். இயற்பியல் படித்து, பள்ளி ஆய்வுக்கூடத்தில் வேலை பார்ப்பவள் என்றாலும், கடைக்காரர் முன்னால் வாய் திறக்க அவளுக்கு நேரம் பிடிக்கும். நூர்தீன் அதற்குள் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டார்.

"ரெண்டு நாள் கழிச்சு வாம்மா."

இரண்டு நாளும் அதைத் தன் கையிலேயே கட்டிக்கொண்டு திரிந்திருக்கிறார். "ரேடியோ மணியோட வச்சுப் பார்த்தேன். ஒரு நாளைக்குப் பதினைஞ்சு செகண்ட் முந்துது, அவ்வளவுதான். விலை கம்மின்னு பேரு. மிஷின் நல்ல மிஷின். இதுல ஒரு கோளாறும் இல்ல."

"அப்புறம் ஏன் நிக்குது?"

"இதுக்குச் சாவி கிடையாது. இந்தத் திருகு முள்ளைத் திருப்ப மட்டும்தான். விலையைக் குறைக்க, சாவி கொடுக்கிற வசதிய விட்டுட்டான். உள்ளே அரை நிலா மாதிரி ஒரு கனம் இருக்கு பாரு, கை ஆடினா இது சுத்தும், ஸ்பிரிங் முறுக்கும்." கடிகாரத்தை அவளிடம் நீட்டினார். "கட்டினவர் கை ஆடணும்மா."

காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார். வீடு வரும்வரை அருள்ஜோதி அதையே யோசித்துக்கொண்டு வந்தாள். அப்பாவின் கை எவ்வளவு அசைந்தது என்று அப்பா சொல்ல மாட்டார். கடிகாரம் சொல்லும்.

மறுநாள் முதல் ஓர் ஒழுங்கு வைத்தாள். காலை ஏழு மணிக்கு நேரத்தைச் சரிசெய்து அப்பாவின் கையில் கட்டுவது. மாலை ஏழு மணிக்கு அவரே கழற்றி மாதா படத்தின் கீழ்த் தட்டில் வைப்பது. எப்போது நின்றதென்று காலையில் முள்ளே காட்டும். அதை வரைதாளில் புள்ளியாக வைத்து அலமாரிக் கதவின் உள்பக்கம் ஒட்டினாள். கதவு நிலையில் கை எட்டும் உயரத்தையும் பென்சிலால் கோடு போட்டாள்.

"என் கையப் பத்தி வாட்ச் வந்து சாட்சி சொல்லுமா?" என்றார் சவரிராஜ்.

"கட்டிக்கத்தானேப்பா சொல்றேன்."

முதல் நாள் இரவு எட்டு நாற்பது. அடுத்து ஒன்பது பத்து. அப்புறம் எட்டு ஐம்பது. பத்து நாளாகப் புள்ளிகள் தரையோடு கிடந்தன. காலைக் காப்பிக்கு முன்னால் அவர் அலமாரியைத் திறந்து பார்ப்பார், மூடுவார். பத்தாம் நாள், "இனிமே கட்டாத," என்றார். அருள்ஜோதி கெஞ்சித்தான் கட்டினாள்.

பதினோராம் நாள் முள் நள்ளிரவு தாண்டி ஒன்று இருபதில் நின்றிருந்தது. மறுநாள் ஒன்று நாற்பது.

சவரிராஜ் கதவைத் திறந்தபடியே நின்றார். "ஏய், இங்க வா," என்று மனைவியைக் கூப்பிட்டார். "உன் மவ போட்ட புள்ளி எங்க ஏறிருச்சு பாரு." அன்றைக்குத் தாழ்வாரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கேட்காமலே பயிற்சி செய்தார். மறுநாள் இரண்டு வேளை. கீழே டாம் பலகையில் காய் நகர்த்தி ஆடும் கூட்டாளிகளிடம் போய், கை திரும்பிவிட்டது என்று சொன்னார்.

அருள்ஜோதிக்குச் சந்தோஷம் முழுதாக வரவில்லை. கதவு நிலையில் கோடு ஒரு விரல்கடைதான் ஏறியிருந்தது. கழற்றி வைத்த பிறகு கடிகாரம் ஓடிய நேரமோ மூன்று மடங்கு. இரண்டில் ஒன்று பொய் என்று அவள் படித்த படிப்பு சொன்னது.

அந்த வெள்ளிக்கிழமை, மாலையில் அவள் டியூஷன் சொல்லிக்கொடுக்கும் பிள்ளைக்குக் காய்ச்சல் என்பதால் அவள் சீக்கிரமே வீட்டுக்கு வந்தாள். அப்பா கடிகாரத்தைக் கழற்றி வைத்துவிட்டுக் கீழே போயிருந்தார். அடுப்படியில் அம்மா அந்தோனியம்மாள் கல் உரலில் மிளகாய்ச் சம்பல் இடித்துக்கொண்டிருந்தாள். உதடு செபமாலை முணுமுணுத்தது. வலது மணிக்கட்டில் அப்பாவின் கடிகாரம்.

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"ஏம்மா இப்படி?"

"கத்தாத. மேல வந்துருவாரு."

"நான் எங்க கத்தினேன்?"

"நீ எப்பவும் கத்த மாட்டே, அதான் பயமா இருக்கு." அம்மா குழவியைக் கீழே வைத்தாள். "நூர்தீன் பாய் சொன்னத நீதானே வந்து சொன்னே. கை ஆடினா ஓடும்னு. உங்கப்பா முகத்த உன்னால பாக்க முடிஞ்சுதா? எனக்கு முடியல லா."

"டாக்டர் வாட்ச பாக்க மாட்டாரும்மா. கையத்தான் பாப்பாரு."

"கையும் ஆடுதில்ல இப்ப? புள்ளிய பாத்துட்டுத்தானே ஆட்டுறாரு?"

அம்மா சொன்னதும் உண்மை. நாளைக்கே நிறுத்தினால் புள்ளி விழும்; புள்ளி விழுந்தால் அப்பா கையை மறுபடி நெஞ்சோடு ஒட்டிக்கொள்வார். அருள்ஜோதி உரல் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எவ்வளவு நேரம் இடிக்கிறே?"

"யார் பாத்தா? அஞ்சு பத்தும் சொல்லி ஒரு செபமாலை முழுசா முடியற வரைக்கும்."

"சரி. நாலு நாளைக்கு நாலு பத்து. அடுத்த நாலு நாளைக்கு மூணு. அப்புறம் ரெண்டு. ஒண்ணு. அதுக்கப்புறம் வாட்ச தொடக் கூடாது."

"மிச்சப் பத்த என்ன பண்றது?"

"அத வாட்ச் கட்டாம சொல்லு."

வரைதாளின் அடியில், ஒவ்வொரு நாளுக்கும் நேராக, அம்மாவின் கணக்கைச் சின்னதாகக் குறித்துவைத்தாள். தப்பான அளவை அழிக்கக் கூடாது, பக்கத்தில் எழுதிவைக்க வேண்டும் என்பது அவள் பழக்கம். சவரிராஜ் அதையும் பார்த்தார்.

"இது என்ன நம்பர்?"

"அம்மா உங்களுக்காகச் சொல்ற செபமாலைப்பா. எத்தனை பத்துன்னு."

"குறைஞ்சுக்கிட்டே வருதே. அவளுக்கு நம்பிக்கை போயிருச்சா?"

அடுப்படியில் இருமல் கேட்டது.

அம்மாவின் பத்துகள் குறைந்தன, புள்ளிகள் குறையவில்லை. சில நாள் கால் மணி கீழே, சில நாள் அரை மணி மேலே. கதவு நிலையில் கோடுகள் தோளைத் தாண்டின. அம்மா கடிகாரத்தைத் தொடாத முதல் இரவு கழிந்ததும், விடிந்தும் விடியாமல் அருள்ஜோதி தட்டைப் போய்ப் பார்த்தாள். ஒன்று ஐம்பது. மலிவான கடிகாரம்தான், யாருக்காகவும் கூட்டியோ குறைத்தோ சொல்லவில்லை. அவள் அந்தப் புள்ளிக்குக் கீழே, அம்மாவின் கணக்கில் பூஜ்யம் போட்டாள்.

ஆறாம் வாரம் டாக்டர் கையைத் தூக்கச் சொன்னார். சவரிராஜ் தூக்கினார். இரண்டு கையாலும் வட்டமாகச் சுற்றிக் காட்டச் சொன்னார். பெரிய பஸ்ஸைச் சந்தில் திருப்புகிறவர் மாதிரி அவர் சுற்றினார். திங்கட்கிழமை முதல் ஓட்டலாம் என்று தாள் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை மேசைமுன் உட்கார்ந்து மகளைக் கூப்பிட்டார். நாளைக்குக் கோயிலில் நொவீனா செபம். நன்றிக் கடிதம் எழுதிப் பெட்டியில் போட்டால் ஃபாதர் வாசிப்பார். "இங்கிலீஷ்ல எழுது. முதல்ல மாதாவுக்கு நன்றி. அப்புறம் டாக்டர். நூர்தீன் பாய். வாட்ச் பேரையும் போடு. அது பத்து நாள் முடங்கிக் கிடந்துட்டு எந்திரிச்சுது பாரு, அதப் பாத்துத்தான் எனக்கு உசிரு வந்துச்சு."

அருள்ஜோதியின் பேனா நின்றது. நன்றிக் கடிதத்தில் தவறான கணக்கை எப்படி எழுதுவது?

"அப்பா," என்றாள். "அது வாட்ச் தானா எந்திரிக்கலப்பா."

எல்லாவற்றையும் சொன்னாள். அவள் இத்தனை வார்த்தை தொடர்ந்து பேசி அவர் கேட்டதில்லை. அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

"எத்தனை நாள்?" என்றார்.

"இருபத்தொரு நாள். அப்புறம் நீங்கதான், நீங்க மட்டும்தான்."

சவரிராஜ் மேசைமேல் இடது கையை விரித்து வைத்து அதையே பார்த்தார்.

"அதான் வீட்ல தினமும் சம்பல்," என்றார். பிறகு, "மாதாவுக்கு அடுத்தபடியா உங்கம்மா பேர எழுது. டாக்டர் கீழ வரட்டும்."

"பேரெல்லாம் வேணாம்," என்று அடுப்படியிலிருந்து குரல் வந்தது. "கோயில்ல எல்லாரும் திரும்பிப் பாப்பாங்க லா."

"பாக்கட்டும்," என்றார் சவரிராஜ். "நீ எழுதும்மா."